ஐஸ் கம்பெனிப் பள்ளிக்கூடம்

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்திலேயே பள்ளியைத் திறந்துவிட வேண்டும் என்று சிஸ்டர் டயானா ஒற்றைக் காலில் நின்றார். அந்த நாட்களில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இளவட்டங்கள் கேரம் ஆடிக்கொண்டும் போனைத் தேய்த்துக்கொண்டும் பொழுதைக் கழிப்பார்கள். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பள்ளியை விட்டவர்கள் அவர்களில் பாதிப் பேர். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் அப்போதுதான் பிடிக்க முடியும்.

டயானாவுக்கு முப்பத்திரண்டு வயது. தருவைகுளத்தில் படகுக்காரர் வீட்டுப் பெண். தன் கன்னியர் சபையின் பெரிய ஆங்கிலப் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், "அங்க நான் இல்லாட்டாலும் பிள்ளைங்க பாஸாயிரும் மதர்" என்று மாகாணத் தலைவியிடம் சொல்லி விடுதலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூட வந்தவர் சிஸ்டர் அந்தோணியம்மாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியும் கறாரான பேச்சும் கொண்ட அவரைத் துணைக்கு அனுப்பியதற்குக் காரணம், டயானாவின் வேகத்துக்கு ஒரு பிரேக் வேண்டும் என்பதுதான். ஆனால் திரேஸ்புரத்தில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே யார் பிரேக், யார் ஆக்சிலரேட்டர் என்று சொல்ல முடியாமல் போயிற்று. இடம் பிடித்ததே அந்தோணியம்மாள்தான்.

கடற்கரைக்குப் போகிற தெருவில் ராஜதுரை அண்ணாச்சியின் பழைய ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது. அவர் புதிய கம்பெனியைப் புறவழிச் சாலைக்கு மாற்றிப் பல வருடமாகிவிட்டது. அந்தோணியம்மாள் நேராக அவர் அலுவலகத்துக்குப் போய், "அண்ணாச்சி, அந்தக் கட்டடத்தை எங்களுக்குத் தாங்க. வயசு தாண்டின பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப் போறோம்" என்றார்.

"அங்கன எலிதான் குடியிருக்கு சிஸ்டர்."

"எலியும் படிக்கட்டும்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "வாடகைப் பேச்சைப் பொறவு வச்சுக்கிடுவோம். ஆனா சண்டை சச்சரவுன்னு போலீஸ் வந்து நின்னா நான் பூட்டிருவேன். அந்தப் பயலுவள எனக்குத் தெரியும்."

எலிகளை விரட்டிச் சுவருக்கு வெள்ளையடித்து, பெரிய பள்ளியில் கழித்துப் போட்ட பெஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆளில்லாத கூடத்தில் நின்று டயானா ஒரு முறை கைதட்டிப் பார்த்தார். சத்தம் நன்றாக எழும்பியது.  

திறந்த அன்று மதியம் வரை ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் அனுசியா. பத்தொன்பது வயது. இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். கையில் இறால் வாடை போகாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சிஸ்டர், நான் ஒம்பதாவது பாதியில நின்னுட்டேன். பத்தாவது எழுதணும். எத்தனை மணிக்கு வந்தாலும் பாடம் நடத்துவீங்கன்னு சொன்னாங்க. நெசந்தானா?"

"நெசந்தான். நீ எப்ப வாரியோ அப்ப மணி அடிப்போம்."

"மணி எங்க?"

டயானா சுற்றிப் பார்த்தார். மணி வாங்க மறந்துபோயிருந்தது. அந்தோணியம்மாள் எழுந்து போய்ச் சமையல்கட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொண்டுவந்து அடித்தார். அனுசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் கைகள் முன்னால் வந்தன.

மறுநாள் அவள் தன் அண்ணன் கஸ்பாரை இழுத்து வந்தாள். அவன் திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரன், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். அதற்கடுத்த நாள் துறைமுகத்திலிருந்து எஸ்றாவும் நான்கு பேரும் வந்தார்கள். ஐவரும் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கடலில் ஆகாது. கரைக்குப் பக்கத்தில் வந்து எங்கள் வலையை அறுத்துப் போகிறான் என்று நாட்டுப்படகுக்காரர்கள் சொல்வார்கள். கடலை நீயா விலைக்கு வாங்கினாய் என்று அந்தப் பக்கத்தார் கேட்பார்கள். வகுப்பில் எஸ்றாவைக் கண்டதும் கஸ்பார் எழுந்துவிட்டான்.

"இவன் இருக்க எடத்துல நான் இருக்க மாட்டேன். போன வருசம் என் வலையைக் கிழிச்சதே இவன் படகுதான்."

"படகை ஓட்டினது நானாலே?" என்று எஸ்றாவும் எழுந்தான்.

அந்தோணியம்மாள் இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சண்டை போடணும்னா வெளிய போங்க. கடல் பெருசு. இங்கன பெஞ்சு கம்மி, எழுந்திருச்சவன் எடத்துக்கு வேற ஆளு வந்துரும்."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு சுவரோரம். அதற்குப் பிறகும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டம் சேர்ந்தது. ஹோட்டலில் மேசை துடைக்கிறவன் வந்தான். கலியாணமாகிக் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். உப்பளத்துக்குப் போகிற இரண்டு பேர் வந்தார்கள். மே மாதக் கடைசியில் பெஞ்சு பற்றாமல் சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். ஊரில் அதற்கு ஐஸ் கம்பெனிப் பள்ளிக்கூடம் என்று பேராயிற்று. டயானா காலையில் எழும்போதே அன்றைக்கு யார் புதிதாக வருவார்கள் என்ற நினைப்போடுதான் எழுந்தார்.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது. விசைப்படகுகள் விடியுமுன் போய் இருட்டிய பிறகு திரும்பின. எஸ்றாவும் மற்ற நால்வரும் வரவில்லை. ஒரு பக்கச் சுவரோரம் காலியாகிவிட்டது. டயானா அந்தப் பக்கம் திரும்பாமலே ஒரு வாரம் பாடம் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது எஸ்றா கோயில் வாசலில் நின்றான்.

"சிஸ்டர், நாங்க நின்னுட்டோம்னு நெனைச்சிராதீங்க. ஞாயித்துக்கெழம வாரோம். மத்த நாளுக்கு நீங்க பாடத்தைப் போன்ல பேசி அனுப்பிருங்க. வலையைப் போட்டுட்டா திரும்ப மேல வாங்குத வரைக்கும் சும்மாதான் இருப்போம். படகுல ஸ்பீக்கர் இருக்கு."

"கணக்கை எப்படிலே காதால படிப்ப?"

"நீங்க கரும்பலகையில எழுதும்போது வாயாலயும் சொல்லுவீங்கள்ல, அதே மாதிரி சொல்லுங்க. நாங்க நோட்டுல எழுதிக்கிடுதோம்."

 டயானா அன்று சாயங்காலமே போனில் பேசிப் பதிவு செய்து பார்த்தார். தெருவில் மீன் வண்டி, மைக் செட், நாய் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. அப்போது அந்தோணியம்மாள்தான் பழைய குளிர் அறையைக் காட்டினார். ஐஸ் கட்டிகளை அடுக்கி வைத்த அறை. சுவரெல்லாம் தக்கை வைத்து அடைத்தது, கதவு ஒரு முழம் கனம். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் உலகமே நின்றுபோனது போல இருந்தது. டயானா டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து, "இப்ப நோட்டுல ஒரு கோடு போடுங்க. கோடு போட்டாச்சா? நான் காத்திருக்கேன்" என்று கடலில் இருக்கிறவர்களிடம் பேசினார்.

எஸ்றா போன படகை ஓட்டியவர் பொன்னுதுரை. தலை நரைத்த டிரைவர். முதல் நாள் ஸ்பீக்கரில் பாட்டுக்குப் பதிலாக டயானா பேசியதும் அவர் வீல் ரூமிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏலே, யாரு இந்தப் பொம்பள? என்னத்தையோ எக்ஸு, ஒய்யுங்கா?"

"கணக்கு சிஸ்டர், மாமா."

"கடல்ல வந்துமா கணக்கு? பாட்டைப் போடு."

"வலை வாங்கும்போது பாட்டு. இப்ப இது" என்றான் எஸ்றா. பொன்னுதுரை முணுமுணுத்துக்கொண்டே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு மாதம் போயிருக்கும். டயானா ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிறுத்திய இடைவெளியில் வீல் ரூமிலிருந்து, "பன்னெண்டு" என்று ஒரு குரல் வந்தது. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுதுரை ஒன்றும் தெரியாதவர் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடங்கள் படகிலிருந்து படகுக்குப் போனில் பரவின. பரீட்சைக்கும் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லாத ஆட்களும் கேட்டார்கள்.

பிப்ரவரியில் தனித்தேர்வர்களுக்கு அறிவியல் செய்முறைத் தேர்வு வந்தது. அதை எழுதாவிட்டால் அறிவியலில் தேறுவது நடக்காத காரியம். தேர்வு வெள்ளிக்கிழமை என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். எஸ்றாவும் மற்றவர்களும் அதற்கு லீவு சொல்லி வைத்து, முந்தின நாளான வியாழக்கிழமை வழக்கம்போல் கடலுக்குப் போயிருந்தார்கள். அன்று காலைச் சாப்பாட்டு நேரத்தில் டயானாவுக்குப் போன் வந்தது. தேர்வு மையமான பள்ளியில் மறுநாள் வேறு ஏதோ கூட்டமாம். அதனால் தேர்வு இன்றைக்கே, மதியம் இரண்டு மணிக்கு. வராதவர்கள் அடுத்த வருடம்தான்.

டயானா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "அஞ்சு பேரும் கடல்ல இருக்காங்க."

"கடலுக்குப் போன் போவாதே. கரையில இருக்கவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார் அந்தோணியம்மாள்.

"சங்க ஆபீஸ்ல வயர்லெஸ் இருக்கு. அனுசியா, ஸ்கூட்டரை எடு."

அனுசியா அன்று காலை ஷிப்டுக்குப் போகாமல் பாடம் பார்க்க வந்திருந்தாள். சிஸ்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் ஓட்டிய ஓட்டத்தில் பீச் ரோட்டில் ஒரு டிராஃபிக் போலீஸ் விசிலை வாயில் வைத்தபடியே ஊதாமல் நின்றுவிட்டார். டயானாவின் சேலைத் தலைப்பு பின்னால் படபடத்தது. அவருக்குப் பயமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுச் சங்க அலுவலகத்துக்காரர் வயர்லெஸ் கருவியைத் திருப்பி வைத்து, "இந்தப் பொத்தானை அமுக்கிட்டுப் பேசுங்க சிஸ்டர், பேசி முடிச்சதும் விட்டுருங்க" என்று காட்டினார்.

"எஸ்றா போற படகுக்குப் பேசுறேன். பொன்னுதுரை அண்ணாச்சி, கேக்குதா? நான் சிஸ்டர் டயானா."

இரைச்சல். அப்புறம் யாரோ ஒருவர், எந்தப் படகிலிருந்தோ, "ஏலே, கணக்கு சிஸ்டர்லா பேசுதாங்க" என்றார். இன்னொரு குரல், "ஆமா, அதே தொண்டைதான்" என்றது. மூன்றாவதாக ஒரு குரல், "எல்லாரும் வாயை மூடுங்கவே, அவங்க சொல்லட்டும்" என்று அதட்டியது.

டயானா சொன்னார். தேர்வு இன்றைக்கு. இரண்டு மணி. ஐந்து பேரும் வர வேண்டும்.

 பிறகு பொன்னுதுரையின் குரல் வந்தது. "சிஸ்டர், எஸ்றாவும் இன்னும் ரெண்டு பேரும் எங்கிட்ட நிக்காங்க. மத்த ரெண்டு பேரும் பக்கத்துப் படகுல, அவங்களையும் ஏத்திக்கிடுதேன். ஆனா நாங்க கரைக்கு வந்து சேர மூணு மணி ஆயிரும். எங்க வேகம் அவ்வளவுதான். வேகமா ஓடுத ஃபைபர் ஒண்ணு எதுக்க வந்தா, நான் வலையை வாங்கிட்டுப் பாதி தூரம் ஓடியாந்து பயலுவள மாத்தி விட்டுருவேன்."

"வலையை இப்பவே வாங்கிருவீங்களா?"

"வாங்கியாச்சுன்னு வச்சுக்கிடுங்க."

டயானா அனுசியாவைப் பார்த்தார். அனுசியா ஏற்கெனவே அண்ணனுக்குப் போன் போட்டிருந்தாள். கஸ்பாருக்கும் அதே இரண்டு மணிக்குத் தேர்வு. கடலுக்குப் போய்த் திரும்ப முடியாமல் போனால் அவனுக்கும் வருடம் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள். அந்தப் பக்கம் இன்ஜினை இழுத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"எங்க நிக்கானுவன்னு கேட்டுச் சொல்லு" என்றான்.

நாட்டுப்படகு ஒன்று விசைப்படகுத் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்த்து, வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கஸ்பார் யாரையும் பார்க்கவில்லை. படகைச் சுவரோடு அணைத்தான். பொன்னுதுரை சொன்ன அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை டயானா உள்ளங்கையில் எழுதியிருந்தார். அதை அவனிடம் நீட்டினார். அவன் ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டான்.

"நானும் வாரேன்" என்றார் டயானா.

"சிஸ்டர், தண்ணி அடிக்கும்."

"நான் தருவைகுளத்துக்காரிடா."

அதற்குள் அந்தோணியம்மாளிடமிருந்து போன். டயானா தயங்கியபடி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. பிறகு, "லைஃப் ஜாக்கெட் இருந்தா போட்டுக்கோ. நான் அண்ணாச்சிட்ட வண்டி கேக்குறேன்" என்றார்.

படகு துறைமுகத்தின் வாயைத் தாண்டியதும் அலை முகத்தில் அடித்தது. வான்தீவு இடது பக்கம் போயிற்று. கஸ்பார் இன்ஜினை முறுக்கிப் பிடித்திருந்தான். படகு ஒவ்வொரு அலைக்கும் எகிறி விழுந்தது. டயானா இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் உப்புத் தண்ணீரோடு கிழக்கே பார்த்தார். சபையில் சேர்ந்த பிறகு அவர் படகில் ஏறியதில்லை. உடம்பு முழுவதும் நனைந்து, பல் கிட்டியது. ஆனால் இறங்கச் சொன்னால் இறங்கியிருக்க மாட்டார்.

முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. அப்புறம் பச்சையும் நீலமுமாக விசைப்படகின் முகப்பு. மேல்தளத்தில் ஐந்து பேரும் வரிசையாக நின்று கையை ஆட்டினார்கள். கஸ்பார் லாவகமாகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தான். ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியாக எஸ்றா. பொன்னுதுரை மேலிருந்து குனிந்தார்.

"ஏலே தம்பி" என்றார் கஸ்பாரிடம். "காத்து ஏறுது. தீவுக்குத் தெக்க பாறை. வடக்கால போ."

"தெரியும்" என்றான் கஸ்பார். பிறகு என்ன நினைத்தானோ, "சரி அண்ணாச்சி" என்றான்.

திரும்பும் வழியில் டயானா இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "அமிலத்துல நீல லிட்மஸ்?"

"செவப்பு" என்று ஐந்து குரல்கள்.

"குவிலென்ஸ், தூரத்துப் பொருள். பிம்பம்?"

"தலைகீழ், சிறுசு" என்று பின்னாலிருந்து கஸ்பாரும் சேர்ந்து கத்தினான்.

பாதி வழியில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் எங்கிருந்தோ மிதந்து வந்த கிழிந்த வலைத்துண்டு சுற்றியிருந்தது. கஸ்பார் இன்ஜினைத் தூக்குவதற்குள் எஸ்றா கத்தியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டான். கஸ்பார் குனிந்து விசிறியைப் பிடித்துக் கொடுக்க, எஸ்றா அறுத்தான். இருவர் தலையும் ஒட்டினாற்போல் இருந்தன. "இழு", "இன்னும் கொஞ்சம்", "விட்டுட்டேன்" என்பதைத் தவிர அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. அதுவரை அத்தனை மாதங்களில் அவர்கள் பேசிக்கொண்டதைவிட அது அதிகம். எஸ்றாவின் கையைப் பிடித்துக் கஸ்பார்தான் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

துறைமுகத்தில் ராஜதுரை அண்ணாச்சியின் குட்டியானை லோடு வண்டி இன்ஜின் ஓடியபடியே நின்றது. அண்ணாச்சியே ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். பின்னால் அந்தோணியம்மாள் ஒரு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். கோயில் பாடகர் குழுவின் மரூன் கலர்ச் சட்டைகள். "நனைஞ்சதைக் கழத்துங்க, இதைப் போடுங்க. அளவு பாக்காதீங்க" என்று ஒவ்வொருவர் தலையிலும் ஒன்றைப் போட்டார். அனுசியா எல்லோருடைய ஹால்டிக்கெட்டையும் கொண்டுவந்திருந்தாள். வண்டி ஓட ஓட ஆறு பேரும் பட்டன் போட்டுக்கொண்டார்கள்.

தேர்வு மையத்தின் வாசலில் இருந்த ஆசிரியை, ஒரே நிறச் சட்டையில் தலை சொட்டச் சொட்ட ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து, "நீங்க தனித்தேர்வர்தானே? யூனிஃபார்ம் இருக்கு, எந்த ஸ்கூல்?" என்றார்.

"ஐஸ் கம்பெனி ஸ்கூல் டீச்சர்" என்றான் எஸ்றா. மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை மேற்கொண்டு கேட்காமல் வழி விட்டார்.

டயானா வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். சேலை உடம்பிலேயே காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அண்ணாச்சி ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்தார். குடிக்க மறந்து அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். தேர்வு முடிந்து எஸ்றா முதலில் ஓடி வந்தான்.

"எனக்கு லென்ஸ் வந்துச்சு சிஸ்டர். ஜன்னலுக்கு நேரா பிடிச்சேன். ஜன்னல், வெளிய மரம், மரத்தடியில ஒரு ஆளு, எல்லாம் தலைகீழா பேப்பர்ல விழுந்துச்சு. அந்த ஆளு நீங்கதான்னு நெனைக்கேன்."

 டயானா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எழுத்துத் தேர்வும் முடிந்து, மே மாதம் முடிவு வந்தது. அனுசியா கணக்கில் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்து அந்தோணியம்மாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கஸ்பார் தேறினான். கைக்குழந்தைக்காரி தேறினாள். எஸ்றா எல்லாவற்றிலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் விட்டிருந்தான். "இங்கிலீஷ்தான, ஜூலைல எழுதிருவேன்" என்றான்.  கஸ்பார் அவன் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிப் போனான். திரும்பி வந்தபோது இரண்டு பேர் வாயிலும் குச்சி ஐஸ் இருந்தது.

அது தடைக்காலம். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து டயானா பயந்தே போனார். துறைமுகத்திலிருந்தும் திரேஸ்புரத்திலிருந்தும் பையன்களும் பெண்களுமாகத் தெருவை அடைத்து நின்றார்கள். கூடம் பற்றாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஒரே வழி, கூடத்துக்கும் பழைய இன்ஜின் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுப்பது. அந்தோணியம்மாள் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். "சுவரை இடிக்கட்டுமா?" என்ற கேள்விக்கு, "இடிங்க. ஆனா கூரையை மட்டும் விட்டு வைங்க" என்று பதில் வந்தது.

சம்மட்டியோடு முதலில் வந்தவர் பொன்னுதுரை. தன் படகு ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். முதல் அடியை யார் போடுவது என்று பேச்சு எழுந்தது. எல்லோரும் டயானாவைப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, சம்மட்டியை வாங்கினார். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஓங்கி அடித்தார். காரை உதிர்ந்து தூசி கிளம்பியது, சுவர் அசையவில்லை.

"இன்னொண்ணு சிஸ்டர்" என்றாள் அனுசியா.

இரண்டாவது அடியில் ஒரு செங்கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. எஸ்றாவும் கஸ்பாரும் சட்டையைக் கழற்றிக்கொண்டு இரு புறமும் வந்து நின்றார்கள். டயானா தூசியில் இருமிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மூன்றாவது முறை ஓங்கினார்.